கரைமேட்டுத் தெருவில் உடைந்த பூட்டு

பூவிழி சிஸ்டர் பூட்டை உடைத்து, வீடு புகுந்து, பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. கரைமேட்டுத் தெருவில் பிறந்த அந்தப் பேச்சு, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு போலீஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டது. கீழவாசல் மீன்கடையில் நான் கேட்டபோது கடப்பாரையும் வந்திருந்தது. போன வாரம் நாகூருக்குச் சவாரி போனேன். அங்கே ஒரு சர்பத் கடைக்காரர் என்னிடமே சொல்கிறார், தஞ்சாவூரில் ஒரு நர்ஸ் ஓட்டைப் பிரித்து இறங்கி, தூங்குகிற பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டு வந்த வழியே ஏறிப் போய்விட்டாராம். அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. முட்டிவலி. என் ஆட்டோவில் ஏறுவதற்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தம் கட்டுவார். இருந்தாலும் நான் மறுத்துப் பேசவில்லை. கேட்க நன்றாக இருந்தது, இன்னொரு சர்பத் வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டேன்.

நடந்தது வேறு. தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிற ஆட்டோ என்னுடையது. அந்த இரண்டு நாளும் நான் அங்கேதான் நின்றேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, அதையும் ஒளிக்கப் போவதில்லை.

முதலில் பூவிழி யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் பிறந்தவர். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்து வேலைக்குப் போனவர் இவர்தான். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தயிர்சாதத்தை ஓடுகிற ஆட்டோவிலேயே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். டீயை நின்றபடி குடிப்பார், அதுவும் பாதிதான். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கதவைப் பார்க்க மாட்டார், துணிக்கொடியைப் பார்ப்பார். கொடியில் எத்தனை சின்னச் சட்டை காய்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து வருகிறவர், பிள்ளை ஊருக்குப் போயிருக்கிறது என்று சொன்னால், கொடியிலிருக்கிற ஈரச் சட்டையை ஒரு பார்வை பார்ப்பார். அதோடு சரி, பிள்ளை ஊரிலிருந்து வந்துவிடும்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தெருவில், நோட்டில் 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் குழந்தைக்குத் தட்டம்மை போட்டு, அது நெஞ்சில் இறங்கி, ஒன்பதாம் நாள் போய்விட்டது. யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. எழுதியது நிஜம், வீடு பூட்டித்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை அவர் நோட்டில் நான் பார்த்ததில்லை. பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போவார், நான்காவது தடவையும் போவார். எனக்கு டீசல் தீர்ந்துவிடும், அவருக்குக் கால் தீராது.

இனி கரைமேட்டுத் தெரு. ஆற்றங்கரையை ஒட்டிய புறம்போக்கு. தொண்ணூறு வீடு, பட்டா ஒன்றுகூடக் கிடையாது. வரி கட்டிய ரசீது இருக்கும், கரண்ட் பில் இருக்கும், ஜமாபந்தியில் கொடுத்த மனு நகல் கட்டுக்கட்டாக இருக்கும், பட்டா மட்டும் இருக்காது. மாசி மாதத் தொடக்கத்தில் நாலு பேர் வந்து கரையை டேப்பு வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கு என்று யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருவுக்குத் தூக்கம் போயிற்று. பேண்ட் போட்ட ஆள் உள்ளே வந்தாலே பெண்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கரையில் இறங்கிவிடுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் கணக்கெடுக்க முடியாது, கணக்கெடுக்காத வீட்டை இடிக்க முடியாது என்று தெருமுனை டீக்கடை துரைக்கண்ணு சட்டம் சொல்லியிருந்தார். அவர் கடையும் புறம்போக்கில்தான் இருக்கிறது, அதனால் சட்டம் நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு காதுகுத்து. ஒரே பந்தல், தெருவிலிருக்கிற பிள்ளைகள் எல்லாம் அதற்குள். இளஞ்செழியன் என்கிற நாலு வயசுப் பையன் காய்ச்சலோடும் இருமலோடும் வந்திருக்கிறான். வெயிலில் வந்த காய்ச்சல், ஐஸ்கிரீமில் வந்த இருமல் என்று விட்டுவிட்டார்கள். திங்கள் ராத்திரி உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து, செவ்வாய் காலையில் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தட்டம்மை மாதிரிதான் இருக்கிறது, ரத்தம் பரிசோதனைக்குப் போகட்டும், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தட்டம்மையில் ஒரு கணக்கு இருக்கிறது. நோயுள்ள பிள்ளையோடு பழகிய நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம், மீறி வந்தாலும் லேசாகப் போகும். பந்தலில் பந்தி நடந்தது ஞாயிறு மத்தியானம். ஆக, புதன் மத்தியானம் வரைதான் நேரம். பூவிழி பெட்டியைத் தூக்கி என் ஆட்டோவில் வைக்கும்போது செவ்வாய் மத்தியானம் ஆகிவிட்டது. இளஞ்செழியனைத் தவிர, ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் அந்தத் தெருவில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். நேரம் இருபத்துநாலு மணி.

அன்றைக்குப் பதினோரு பிள்ளைக்குத்தான் போட முடிந்தது. மற்ற வீடெல்லாம் பூட்டு. கொடியில் சட்டை காய்கிறது, உள்ளே கடுகு வெடிக்கிறது, வாசலில் பூட்டுத் தொங்குகிறது. ஊசி போட்ட வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு டிக் அடித்துப் பிள்ளைகள் எத்தனை என்று எழுத வேண்டும், போடாத வீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும். அதுதான் அவர்கள் வேலை முறை. பூவிழி முறைப்படி போட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. பெருக்கல் குறி விழுந்த வீடெல்லாம் இடிக்கப்போகிற வீடு என்று சாயங்காலத்துக்குள் துரைக்கண்ணு கடையில் தீர்ப்பாகிவிட்டது.

புதன் காலை ஏழு மணிக்கு நாங்கள் போய் இறங்கினோம். பூவிழி நாலு எட்டு வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தொண்ணூறு கதவிலும் டிக். பெருக்கல் குறியைக் கழுவிவிட்டு, டிக் விழுந்த வீட்டைப் பார்த்து அவரவரே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாக்பீஸ் கிடைக்காத வீட்டில் கோலமாவு. ஒரு வீட்டில் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி சிவப்பு மையில் டிக் அடித்து அடியில் கோடும் இழுத்திருந்தது. பிள்ளையே இல்லாத ஒரு கிழவர் வீட்டில் ஆறு என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எட்டரை மணிக்கு சுகாதார ஆய்வாளர் சாரங்கபாணி பைக்கில் வந்தார். நல்ல மனுஷர். அவருக்கு அன்றைக்கு இதே மாதிரி இன்னும் நாலு இடம் பார்க்க வேண்டும். தெருவை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு ஓட்டு ஓட்டினார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பிரமாதம் சிஸ்டர். நேத்துப் பதினொண்ணுன்னு சொன்னாங்க. எல்லாம் முடிஞ்சிருச்சு போலயே. மேல சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

"சொல்லாதீங்க சார். பதினொண்ணுதான்."

"கதவெல்லாம் டிக் இருக்கேம்மா."

"இருக்கு சார். அது என் கை இல்ல."

அவர் போனைப் பிடித்தபடி கதவுகளைப் பார்த்தார், பிறகு பூவிழியைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும், தெரு முடிந்தது என்று மேலே போயிருக்கும், யாரும் திரும்ப வந்து கேட்கப் போவதில்லை. சாரங்கபாணி போனைச் சட்டைப்பையில் போட்டார். மத்தியானம் வரைக்கும் தான் யாருக்கும் எதுவும் சொல்லப் போவதில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பினார்.

பூவிழி நேரே துரைக்கண்ணு கடைக்கு நடந்தார். கடையில் ஏழெட்டுப் பேர். துரைக்கண்ணு டீயை ஆற்றிக்கொண்டே, என்ன நர்சம்மா, நூத்துக்கு நூறு வாங்கிட்டீங்க போல என்று ஒரு குத்துக் குத்தினார். பூவிழி கைப்பையைத் திறந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து, பிஸ்கட் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க அண்ணே. இனிமே இந்தத் தெருவில ஒரு கதவிலயும் நான் எழுதமாட்டேன். ஊசி போட்ட பிள்ளைக்குச் சுண்டுவிரல்ல மை வப்பேன். அவ்வளவுதான்."

துரைக்கண்ணு டப்பாவைத் தொடவில்லை. "அப்ப நேத்துப் போட்ட குறி எதுக்கு? அளந்துட்டுப் போனவங்க எதுக்கு? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அளந்தவங்கள எனக்குத் தெரியாது. எதுக்கு அளந்தாங்கன்னும் தெரியாது. ஆனா வீட்ட இடிக்கிறது எப்படின்னு தெரியும். நான் ஒம்பதாவது படிக்கிறப்ப எங்க வீட்ட இடிச்சாங்க. நாங்களும் வாய்க்கால் புறம்போக்குதான். ஒருத்தரும் சாக்பீஸ் எடுத்துட்டு வரல அண்ணே. நோட்டீஸ் வந்துச்சு. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படிச்சுச் சொன்னேன். அந்த மாதிரி பேப்பர் வந்தா எங்கிட்ட எடுத்துட்டு வாங்க, உங்களுக்கும் படிச்சுச் சொல்றேன். இப்ப மணி ஒம்பது. பன்னெண்டுக்குள்ள பிள்ளைங்க வேணும்."

ஆற்றிய டீ துரைக்கண்ணு கையிலேயே ஆறிப்போனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள்தான் முதலில் எழுந்தார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு பின்வாசல் வழியாக இறங்கிப்போன பெண்கள் எல்லாம் முன்வாசல் வழியாக வந்தார்கள். கடை பெஞ்சுதான் ஊசி போடுகிற இடம். அழுகைச் சத்தத்தில் பஸ் ஹாரன்கூடக் கேட்கவில்லை. மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் மாதிரி நடந்தார்கள். பூவிழி போடுவார், எழுதுவார், மணி பார்ப்பார். பதினொன்று பத்துக்கு நோட்டைக் கூட்டினார். ஐம்பத்தேழு.

ஒன்று பாக்கி. இளஞ்செழியன் வீட்டுக்கு ஒட்டிய வீடு. அரசப்பன் மகள் பரிதி, எட்டு மாசம். காதுகுத்து அன்றைக்குப் பந்தலில் இளஞ்செழியன் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறான். எடுத்தவர்களே காட்டினார்கள்.

அந்த வீட்டுக் கதவில் பெரிய புதுப் பூட்டு. மற்ற வீட்டுக்கெல்லாம் பின்வாசல் உண்டு, அரசப்பன் வீட்டுக்கு ஒரே வாசல்தான். ஆள் இல்லாத வீடு என்று காட்டுவதற்காக, பெண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு, நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். சாவி அவன் அரைஞாண் கயிற்றில். இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எவனுக்கும் வராது. உள்ளே நெருப்புப் பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டால் அதற்கும் துரைக்கண்ணுவிடம் சட்டம் இருக்கும்.

ஜன்னலுக்குப் பின்னால் எழில்மொழி நின்றாள், இடுப்பில் குழந்தை. இருபத்திரண்டு வயசுப் பெண். காலையிலிருந்து தெருவில் நடந்ததெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. புருஷனுக்குப் பத்துத் தடவை போன் அடித்திருக்கிறாள். மூட்டை தூக்குகிறவன் போனைச் சட்டையில் வைத்துச் சட்டையைக் கம்பத்தில் மாட்டியிருப்பான், யார் எடுப்பது.

அவள் குழந்தையின் கையைக் கம்பி வழியாக வெளியே நீட்டினாள். "அக்கா, இப்படியே போட்டுருங்க. நான் இறுக்கிப் புடிச்சுக்கறேன்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கை வெளியே இருக்கிறது, மருந்து பெட்டியில் இருக்கிறது, மணி பதினொன்றே கால். பூவிழி அந்தச் சின்னக் கையைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளிவிட்டார்.

"முடியாதும்மா. போட்ட பிறகு அரை மணி நேரம் நான் பிள்ளைய பாத்துக்கிட்டு இருக்கணும். ஏதாவது ஒண்ணுன்னா உடனே தூக்கணும். பூட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் ஊசி போடமாட்டேன்."

எழில்மொழி அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூவிழி என் பக்கம் திரும்பி, அரசப்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கூடவே ஒரு உத்தரவு. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக் கூடாது. என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கொள்முதல் நிலையம் ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர். சம்பா அறுவடை நேரம், ரோடெல்லாம் நெல் டிராக்டர். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள், லைசென்ஸ் விவகாரம். அரசப்பன் நெல் மூட்டைகளை அடுக்கிய அட்டியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். கீழே என்னைப் பார்த்ததும், இடிக்க வந்துட்டாங்களா என்று கேட்டான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை உன் மகள் அவன் மடியில் இருந்தாள், ஊசிக்குப் பன்னிரண்டு மணி வரைதான் நேரம், கதவு பூட்டியிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவன் படியில் இறங்கவில்லை, அட்டியிலிருந்து சறுக்கிக்கொண்டே வந்து வண்டியில் ஏறினான். சட்டையை எடுக்கவில்லை. வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"நான் அவளுக்கு நல்லதுன்னுதாண்ணே பூட்டுனேன்."

எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது, ஆனால் உத்தரவு.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு வாசலில் இறங்கினோம். அரசப்பன் இடுப்பில் கையை விட்டான். ஒரு சுற்று தடவினான், இன்னொரு சுற்று தடவினான். கயிறு இருக்கிறது, சாவி இல்லை. மூட்டை தூக்குகிற வேகத்தில் கழன்று நெல்லுக்குள் விழுந்திருக்கிறது. இந்நேரம் ஏதோ ஒரு மூட்டைக்குள் வைத்துத் தைத்து லாரியில் ஏறியிருக்கும். உள்ளே குழந்தை இருமியது. ஒரே ஒரு இருமல்தான், ஆனால் வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. பூவிழி என்னைப் பார்த்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பெட்டி துரைக்கண்ணு கடை நிழலில், தெருவின் மறுமுனையில். நான் ஓடினேன்.

இங்கேதான் நான் பார்க்காத இடம். பெட்டியைத் தூக்கும்போது டங் டங் என்று சத்தம் கேட்டது. திரும்பி ஓடிவந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. படியில் உடைந்த பூட்டு, பக்கத்தில் ஒரு அம்மிக்குழவி. அரசப்பன் சுவரில் சாய்ந்து மேல்மூச்சு வாங்குகிறான். எழில்மொழி குழந்தையோடு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பூவிழி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். பதினொன்று ஐம்பத்து நாலுக்கு ஊசி இறங்கியது. பரிதி போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடிற்று.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் பூவிழி அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தார் என்றுதான் பேர், கால் ஆடிக்கொண்டே இருந்தது. குழந்தையின் நெற்றியைத் தொடுவார், மணி பார்ப்பார், மறுபடி தொடுவார். சாரங்கபாணிக்கு அவரே போன் போட்டு, ஐம்பத்தெட்டு என்று சொன்னார்.

அடுத்த மூன்று வாரமும் தினம் அந்தத் தெருவுக்கு என் ஆட்டோ போனது. மூன்று பிள்ளைகளுக்குத் தடிப்பு வந்தது, மூன்றும் லேசாகப் போனது. இளஞ்செழியன் எட்டாம் நாள் மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தான். பரிதிக்கு வரவில்லை. இருபத்தோராம் நாளும் பார்த்துவிட்டுத்தான் பூவிழி அந்தப் பக்கத்தை நோட்டில் மூடினார்.

பூட்டு விஷயத்தை ஊருக்குள் விட்டது அரசப்பன்தான். கடைத்தெருவில் நாலு பேர் கேட்டபோது, நர்சம்மா உடைச்சுட்டாங்க என்று சொல்லியிருக்கிறான். பூவிழி காதுக்கும் அது வந்தது, அவர் மறுக்கவில்லை. மறுக்காததில் ஒரு லாபம் இருந்தது. அடுத்து நாங்கள் போன தெருக்களில் ஆட்டோ சத்தம் கேட்டதுமே கதவெல்லாம் திறந்துகொண்டது. நாம் ஏன் பூட்டைப் பறிகொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, பூட்டு உடைந்த இடத்தில் வந்து நின்றுவிட்டேன். பார்க்காததை எப்படி எழுதுவது. நேற்று வண்டியில் போகும்போது அவரிடமே கேட்டேன். தயிர்சாத டப்பா கையில், வாயில் ஒரு உருண்டை. இந்தப் பக்கம் ஊர் ஒன்று சொல்கிறது, அந்தப் பக்கம் நாகூரில் ஓட்டைப் பிரித்தீர்கள் என்கிறார்கள், உண்மையில் பூட்டை உடைத்தது யார் என்று கேட்டேன். அவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அவன் பூட்டு, அவன் பிள்ளை. நான் எதுக்கு உடைக்கணும்? உடைச்சது அவன்தான். எதால உடைக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னான், பக்கத்து வீட்டு அம்மிக்குழவிய நான்தான் தூக்கிக் குடுத்தேன். அதையும் சேத்து எழுதிக்கங்க."